கல்லுக்கை

"சென்சிட்டிவிட்டியை ஏத்தி விடுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டு வருகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரி விமானம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கத் தெரியாது, எப்போது சுட வேண்டும் என்று தெரியாது, நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை ஏற்றச் சொல்வான். ஏற்றினால் என்ன ஆகும்? ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே விமானம் குட்டிக்கரணம் போடும். ரொம்பவும் குறைத்தால் தோள் வலிக்க இழுத்தாலும் சுமை லாரி மாதிரி முக்கி முக்கித் திரும்பும். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு கைக்கும் ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, கல்குவாரிகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே எட்டு நாற்காலி போட்டு வான்சண்டை விளையாட்டு மையம் நடத்துகிறேன். விளையாட்டின் பெயர் வல்லூறு. என் பெயர் குமுதவல்லி. எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஸ்டிக் அமைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றும் அதே வாய்கள்தான் சொல்கின்றன. ஓசூரிலிருந்துகூட வந்து என்னிடம் கையைக் காட்டி அமைத்துக்கொண்டு போகிறார்கள்.

முனிரத்தினம் அண்ணன் என் கடைக்கு வந்தது குவாரி விடுமுறை நாள் ஒன்றில். ஆள் பனைமரம் மாதிரி உயரம். மீசை முளைத்த நாளிலிருந்து ஜாக்ஹாமர் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவர். எங்கள் ஊரில் அந்த வேலை செய்கிறவர்களை ட்ரில்லர் என்போம். அந்த மெஷின் நாளெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, அவர்கள் கைக்குள்ளேயே குடிவந்துவிடும். மெஷினை நிறுத்தினாலும் கை நிற்காது. விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். குளிர் நாளில் சட்டைப் பையில் கை விட்டால் உள்ளே இருப்பது சாவியா சில்லறையா என்று தெரியாது.

இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த நாசூக்கைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தையற்காரர் ட்ரில்லர்களின் சட்டைக்குக் கேட்காமலே அழுத்து பட்டன் வைத்துவிடுவார், மேலே மட்டும் சாதாரணப் பட்டன் தெரியும். கல்யாணப் பந்தியில் அவர்கள் இலைக்குப் பக்கத்தில் பாயசம் அரை டம்ளர்தான் வரும். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய், ட்ரில்லர்களுக்குப் பெரிய கிளாஸில் பாதிதான் ஊற்றுவார். குடித்து முடித்ததும் இன்னொரு பாதி ஊற்றுவார். ஏன் பாதி என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு ட்ரில்லர் டீ சிந்தி நான் பார்த்ததே கிடையாது.

அன்றைக்கு முனியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டிக்கைப் பிடித்தார். திரையில் விமானம் பேய் பிடித்த மாதிரி உதறியது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கடலில் விழுந்தது. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று அவரவர் திரைக்குத் திரும்பிக்கொண்டார்கள். அவர் எழுந்து, "இது நமக்கு ஒத்து வராதும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. உட்காருங்கள் என்று அதட்டினேன்.

அப்போதுதான் புது வகை ஸ்டிக் வந்திருந்தது. பழைய ஸ்டிக்கில் நாம் ஒரு அளவு வைத்தால் அதுதான் அளவு. புதியது பிடிக்கிற கையைக் கற்றுக்கொள்ளும். எது நடுக்கம், எது நிஜமான திருப்பல் என்று பிரித்து, நடுக்கத்தை விழுங்கிவிட்டுத் திருப்பலை மட்டும் விமானத்துக்கு அனுப்பும். நான் முதலில் ஸ்டிக்கின் நடுவில் நிறைய இடத்தைச் செத்த இடமாக வைத்தேன். அதற்குள் கை எவ்வளவு ஆடினாலும் விமானத்துக்குத் தெரியாது. பிறகு சென்சிட்டிவிட்டியை ஆரம்பத்தில் மெதுவாகவும், போகப்போகச் சுறுசுறுப்பாகவும் ஏறும்படி வளைத்துக் கொடுத்தேன். மிச்சத்தை ஸ்டிக் கற்றுக்கொண்டது. சில வாரம் ஆனது. அவர் விமானம் நூல் பிடித்த மாதிரி போக ஆரம்பித்தது.

அவருக்கு மூளை மூளைதான். பாறையின் ஓட்டம் எது, எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்துப் பழகிய கண், வானத்தில் எதிரி எங்கே திரும்புவான் என்று முன்கூட்டியே பார்த்துவிடும். கை மட்டும்தான் அவரைக் கைவிட்டிருந்தது, இப்போது அதுவும் வந்து சேர்ந்தது. 'கல்லுக்கை' என்று பெயர் வைத்துக்கொண்டார். மாவட்டத்தில் முதல் இடம் பிடித்தார். அவர் மனைவி நாகவேணி அண்ணி பின்னால் நின்று பார்த்துவிட்டு, கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் இப்படித்தான் சிரிப்பார் என்று என்னிடம் சொன்னார்.

இப்போது கோபத்தை அடக்கிக்கொண்டு அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் முனியண்ணனுக்கு வலது கையின் இரண்டு விரல் கறுக்க ஆரம்பித்தது. அவருடைய அண்ணன் திம்மராயனுக்கும் முதலில் இப்படித்தான் கறுத்தது. அவர் கவனிக்காமல் மெஷின் பிடித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். அதனால் முனியண்ணன் பயந்துபோய், இனி மெஷின் வேண்டாம், எடைமேடையில் வேலை கொடுங்கள் என்று குவாரியில் கேட்டார். நியாயமான கேள்வி. குவாரி அதை உடல்தகுதி வாரியத்துக்கு அனுப்பியது. வாரியம் அவரைக் கூப்பிடவே இல்லை. கை ஆரோக்கியம் மிகச் சிறப்பு, ஜாக்ஹாமர் வேலைக்குத் தகுதியானவர், திங்கட்கிழமை மெஷினுக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று போனில் செய்தி மட்டும் வந்தது.

எந்த டாக்டர் பார்த்தார் என்று நான் கேட்டேன். யாரும் பார்க்கலையே என்று அவர் விழித்தார். மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே மருத்துவர் சுபாஷிணி இருந்தார். கொம்பு முளைத்த ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். இப்போதெல்லாம் கையைப் பிடித்துப் பார்த்து எழுதுவது கிடையாது என்று விளக்கினார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், வேண்டுமென்றே கையை ஆட்டிக் காட்டுவார்கள். அதனால் தெரியாமல் தொடுகிறபோது கை எப்படி இருக்கிறது என்பதைத்தான் வாரியம் எடுத்துக்கொள்கிறதாம். போன், வண்டி, விளையாட்டு ஸ்டிக் எல்லாமே கைத்தர அறிக்கை அனுப்புகின்றனவாம்.

"இவரோட அறிக்கை ஸ்டிக்ல இருந்து வந்திருக்கு. ஆபரேஷன் பண்ற டாக்டருக்குக்கூட இவ்வளவு நிதானமான கை கிடையாதும்மா" என்றார்.

"அது கை இல்லைங்க மேடம். நான் பண்ணி வெச்ச செட்டிங்."

"செட்டிங் விமானத்துக்குத்தான், அறிக்கைக்கு வெறும் கையைத்தான் எடுக்கறோம்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கே. இவரும் சம்மதம் கொடுத்திருக்கார்."

சம்மதம் கொடுத்தது யார் தெரியுமா? நான். புதிதாக யார் வந்தாலும் அந்த நீளமான பக்கத்தைத் தள்ளிவிட்டுச் 'சரி'யை நானே அழுத்திவிடுவேன். விரல் மரத்த ஆள் தொட்டால் திரை கேட்காது என்று உதவியாக நினைத்துச் செய்ததுதான். அந்த இடத்தில் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை என்பதால் மேஜையைத் தட்டினேன். செட்டிங்கை எல்லாம் அணைத்துவிட்டு உங்கள் கண்ணெதிரில் ஓட்டச் சொல்கிறேன், என் கடைக்கு வாருங்கள், விமானம் நேராகப் போனால் நான் கடையையே மூடிவிடுகிறேன் என்றேன். சுபாஷிணி, சரி, சனிக்கிழமை வருகிறேன் என்றார். அவராக வரத் தேவையில்லை, வந்தார். அதை நான் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலையில் கடையில் நாங்கள் நான்கு பேர்தான். மருத்துவர், முனியண்ணன், நாகவேணி அண்ணி, நான். மருத்துவர் பார்க்கவே செத்த இடத்தைப் பூஜ்யமாக்கினேன். வளைவை எடுத்தேன். நடுக்கம் நீக்கும் வசதியை அணைத்தேன். திரையில் எல்லாம் பூஜ்யம் என்று காட்டியது. அண்ணனிடம் ஓட்டச் சொன்னேன். அவர் ஸ்டிக்கைப் பிடித்தபோது அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது.

விமானம் நேராகப் போனது.

நேராக என்றால், கோடு போட்ட மாதிரி. மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறி, எதிரியின் வாலைப் பிடித்து, ஒரே சுற்றில் வீழ்த்திவிட்டுத் தரையிறங்கியது. அண்ணன் ஸ்டிக்கை விட்டுவிட்டு எழுந்து என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவர் கண் நிறைந்திருந்தது.

"குமுதா, கை சரியாயிடுச்சும்மா."

நாகவேணி அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். இத்தனை நாள் ஆடியதில் கைக்கு நல்ல பயிற்சி கிடைத்துக் குணமாகிவிட்டது என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை போறேன் மேடம், மெஷின் புடிக்கிறேன் என்று அண்ணன் மருத்துவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

நான் அவரைத் தள்ளிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டிக்கைப் பிடித்து, என் கையை வேண்டுமென்றே வெடவெடவென்று உதறினேன். விமானம் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக வந்த மென்பொருள் மாற்றத்தில் கம்பெனிக்காரன், ஸ்டிக் கற்றதையெல்லாம் அதற்குள்ளேயே பதித்துவிட்டிருக்கிறான். நான் திருகிக்கொண்டிருந்த திரை வெறும் பொம்மை. எதை அணைத்தாலும் நடுக்கத்தை அது உள்ளேயே விழுங்கிவிடும். விழுங்கின மிச்சத்தைத்தான் வெறும் கை என்று வாரியத்துக்கு அனுப்புகிறது.

"பாருங்க மேடம், நான் எப்படி உதர்றேன், அது எப்படிப் போகுதுன்னு பாருங்க" என்றேன்.

"நீங்க வேணும்னு ஆட்டறீங்கம்மா. அதைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க" என்றார். அவர் குரலில் சலிப்பு வந்துவிட்டிருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அந்த நேரத்தில் பஷீர் பாய் தட்டும் கெட்டிலுமாக உள்ளே வந்தார். மருத்துவருக்கு, எனக்கு, அண்ணிக்கு நிறைய. முனியண்ணனுக்குப் பழக்கப்படி பெரிய கிளாஸில் பாதி. அண்ணன் அந்தக் கிளாஸைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் ஊரில் எந்த ட்ரில்லரும் கேட்காததைக் கேட்டார்.

"பாய், எனக்கும் நிறைய ஊத்துங்க."

பாயின் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாய் கெட்டிலைச் சாய்த்து விளிம்பு வரை ஊற்றினார். அண்ணன் எடுத்தார். மேஜையிலிருந்து வாய்க்குப் பாதித் தூரம்கூட வரவில்லை, டீ சட்டையிலும் மருத்துவரின் செருப்பிலும் கொட்டியது. கிளாஸ் தரையில் உருண்டது.

அண்ணன் தன் கையையே வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "கிளாஸ் சூடு. பொறுக்க முடியல."

உடனே பாய், "என் தப்புங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன்" என்றார். அண்ணியும், "அவருக்குச் சூடே ஆகாதுங்க மேடம், வீட்லயும் ஆத்தித்தான் குடிப்பாரு" என்றபடி தரையைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் ஒத்திகை பார்த்த மாதிரி பேசினார்கள். மருத்துவர் பரவாயில்லை என்று செருப்பைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தது வேறு. கம்பெனிக்காரன் ஸ்டிக்கில் என்ன செய்து வைத்திருக்கிறானோ, அதைத்தானே இந்த ஊர் அரைக் கிளாஸிலும் அழுத்து பட்டனிலும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது? இவர்கள் பிரியத்தால் ஒரு மனுஷன் திங்கட்கிழமை மெஷினுக்குப் போய் விரலைத் தொலைக்கப் போகிறான். நான் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சூடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவர் கை நடுங்குது மேடம்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே, அதுவும் மனைவி இருக்கும்போது, யாரும் சொல்லாத சொல் அது. கடை திறந்ததும் வாங்கி, குடிக்காமல் என் மேஜையில் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்த டீயை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தேன். "இது ஆறிடுச்சு. இதை எடுங்கண்ணா."

"வேணாம் குமுதா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"எடுங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். டீ கிளாஸ் விளிம்பில் மோதி மோதித் தெறித்தது, விரலில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அவர் கீழே வைக்கவில்லை. காலியாகும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். மருத்துவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனார். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கறுத்த இரண்டு விரலில் வந்ததும் நின்றார். எத்தனை நாளாக இப்படி என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

கிளம்பும்போது சுபாஷிணி என்னிடம் சொன்னார், "என் கண்ணால பார்த்தேன்னு இவர் ஒருத்தருக்கு எழுதலாம். எழுதறேன். மத்த ட்ரில்லருங்க எல்லாருக்கும் எழுத முடியாதும்மா. அவங்க எல்லார் அறிக்கையும் சுத்தமா இருக்கு."

முனியண்ணனுக்கு எடைமேடை வேலை கிடைத்தது. விரல் பிழைத்தது. அவர் என் கடைக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார். அண்ணி கோயிலில் பார்த்தும் பேசவில்லை. பஷீர் பாய் டீ மட்டும் அனுப்பினார், அவர் வரவில்லை. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. ஆனால் கல்லுக்கையின் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் அவராக வந்தார். கூட ஏழு ட்ரில்லர்கள். எல்லோரும் என்னிடம் கை அமைத்துக்கொண்டவர்கள்தான். அண்ணன் என்னைப் பார்க்காமல் ஸ்டிக்கைப் பார்த்துப் பேசினார்.

"கத்துக்காத ஸ்டிக்கு ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

படிக்கட்டுக்கு அடியில் பழைய ஸ்டிக்குகள் சாக்குமூட்டையில் கிடந்தன. அவற்றுக்குக் கையைத் தெரியாது, வைத்த அளவு மட்டும்தான் தெரியும். நடுக்கத்தை விழுங்காமல் அப்படியே அறிக்கைக்கு அனுப்பும். தூசி தட்டி எட்டு நாற்காலிக்கும் மாட்டினேன். எந்தச் செட்டிங்கும் வைக்கக் கூடாது, கை எப்படியோ அப்படியே போகட்டும் என்று அண்ணன் சொன்னார். இந்தத் தடவை 'சரி'யை நான் அழுத்தவில்லை. அந்த நீளமான பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், ஒவ்வொருவரும் மரத்த விரலால் இரண்டு மூன்று தடவை தவறவிட்டு அவர்களே அழுத்தினார்கள்.

மாவட்டத்தில் முதல் இடத்தில் இருந்தவர் அன்றைக்குக் கடலில் விழுந்துகொண்டே இருந்தார். எட்டு விமானமும் உதறி உதறி விழுந்தன. யாரும் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மறுநாள் இன்னும் நிறையப் பேர் வந்தார்கள், பக்கத்துக் குவாரிக்காரர்களும் வந்தார்கள். விழுவதற்காகவே வரிசையில் நின்றார்கள். பஷீர் பாய் தட்டோடு அவரே வந்தார். எல்லாக் கிளாஸும் நிறைந்திருந்தது, கடைத் தரை முழுக்க டீ.

எங்கள் ஊர்க் கைகளின் அறிக்கை அந்த மாதம் முழுக்க அப்படித்தான் வாரியத்துக்குப் போனது. இனியாவது ஒரு டாக்டரை அனுப்புவார்கள் என்று நான் நினைத்தேன். மாதக் கடைசியில் என் போனுக்குச் செய்திதான் வந்தது. கடையில் நின்றவர்கள் கேட்க அதைப் படித்தேன்.

"உங்கள் மையத்தின் ஜாய்ஸ்டிக்குகள் பழுதடைந்துள்ளன. அளவுக்கு மீறிய நடுக்கம் பதிவாகிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்து உடனே சரிசெய்யவும்."

முனியண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏத்தி வை குமுதா."

"எவ்வளவுண்ணா?"

"எவ்ளோ போவுதோ அவ்ளோ."

எட்டு ஸ்டிக்குக்கும் ஏற்றி வைத்தேன்.